லாங்டொக் நாட்டு முந்திரிகைச் செய்கை: அழிவும் மீட்சியும்

ஒரு நாட்டின் வரலாற்றை மன்னரின் போர்களிலும் அமைச்சரின் உடன்படிக்கைகளிலும் மட்டும் தேடுவோர், அந்நாட்டு மக்களின் வாழ்விற் பெரும்பகுதியைக் காணாதே விடுவர். நிலத்தை நம்பி வாழ்ந்தோர் எதனை விதைத்தனர், எவ்வாறு விற்றனர், எதனால் நலிந்தனர், எதனால் மீண்டனர் என்பனவும் வரலாறேயாம். உழவுக்கெனத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரைப் பெற்ற மொழியினர்க்கு இதனை விரித்துரைத்தல் மிகை.

பிரான்சு தேசத்தின் தென்பாலுள்ள லாங்டொக் நாடு இவ்வகை வரலாற்றிற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். அந்நாட்டு உழவர் அரை நூற்றாண்டுக்குள் இருமுறை அழிவின் விளிம்பிற்குச் சென்றனர். முதன்முறை அவர்களை வருத்தியது விளைவின்மை; இரண்டாம் முறை வருத்தியது விளைவின் மிகுதி. முதலாவது துன்பத்துக்கு அறிவியல் மருந்து கண்டது. இரண்டாவது துன்பத்துக்கு மருந்து காண்பது அதனினும் அரிதாயிற்று. அஃது ஏன் என்பதே இக்கட்டுரையின் பொருள். மதுவுண்டலின் தீமையை அறநூல்கள் ஆராய்ந்துள்ளன. இங்குக் கருதப்படுவது கொடியை நட்டு வாழ்ந்த குடிகளின் நிலையேயாம்.

நாடும் பெயரும்

மத்தியதரைக் கடலுக்கும் செவென் மலைத்தொடருக்கும் இடையே, உறோன் நதி முதல் பிரனீசு மலையின் அடிவாரம் நோக்கி வில்போல் வளைந்து கிடப்பது லாங்டொக்கின் கரைநாடு. கோடையில் மழை அரிது. ஞாயிற்றின் வெம்மை பெரிது. மலையிலிருந்து வறண்ட வடகாற்று வீசும். மேட்டுநிலம் கல்லும் சுண்ணாம்பும் நிறைந்தது. தாழ்நிலமோ ஆறுகள் கொணர்ந்த வண்டலாற் கொழுத்தது. மேட்டுநிலத்துக் கொடி குறைவாகக் காய்த்துச் செறிந்த சாற்றைத் தரும். தாழ்நிலத்துக் கொடி மிகுதியாகக் காய்த்து நீர்த்த சாற்றைத் தரும். இவ்வேறுபாடு பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் அடிப்படையாதலின் நினைவிற் கொள்ளத்தக்கது.

லாங்டொக் என்னும் பெயர் மொழியால் அமைந்தது. ஆம் என்னும் பொருளில் 'ஒக்' என்னுஞ் சொல்லை வழங்கும் மொழியினர் வாழும் நாடு என்பது அதன் பொருள். வடபிரான்சின் மொழி அரசமொழியாகிய பின்னரும் தென்னாட்டு ஊர்களில் ஒக் மொழி நெடுங்காலம் வழங்கியது. தலைநகராகிய பாரிசு தம்மைப் புறக்கணிக்கின்றது என்னும் மனக்குறையும் அம்மொழியோடு ஒட்டி நின்றது. 1907ஆம் ஆண்டின் எழுச்சியில் இக்குறை மீண்டும் ஒலிப்பதைக் காண்போம்.

யவனரும் உரோமரும்

முந்திரிகைச் செய்கை இக்கரைக்குக் கடல்வழியாக வந்தது. கி.மு. 600 அளவில் கிரேக்கர் குடியேறி நிறுவிய மசாலியா என்னும் மார்செய்த் துறைமுகமே அதன் வாயில். பழந்தமிழர் யவனர் என வழங்கிய பெயர் கிரேக்கரையும் பின்னர் உரோமரையும் சுட்டியது. அவர் கலங்களில் வந்த மதுவைப் புறநானூறு குறிப்பிடுகின்றது; அரிக்கமேட்டு அகழ்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிகள் கிடைத்துள்ளன. கிழக்கே தமிழகம்வரை சென்ற அக்கடல் வாணிகத்தின் மேற்குக் கோடியிலேதான் லாங்டொக் கரை அமைந்திருந்தது.

கி.மு. 118இல் உரோமர் நர்பொன் நகரை நிறுவினர். இத்தாலிக்கு அப்பால் காலிய நாட்டில் அவர்கள் அமைத்த முதற் குடியேற்றம் அதுவே. விரைவில் அப்பகுதி மது வாங்கும் நிலையிலிருந்து மது விற்கும் நிலைக்கு உயர்ந்தது. அங்கு வனைந்த சாடிகள் உரோம் வரை சென்றன. ஆயினும் வளம் மிகுந்த அக்காலத்திலேயே ஒரு முரண்பாடு தோன்றியது. கி.பி. 92 அளவில், மது பெருகித் தானியம் குறைந்ததைக் கண்ட தொமித்தியன் என்னும் பேரரசன், மாகாணங்களிலுள்ள முந்திரிகைக் கொடிகளிற் பாதியைப் பிடுங்குமாறு ஆணையிட்டான். அவ்வாணை முற்றாக நிறைவேறவில்லை. புரோபசு என்னும் பேரரசன் கி.பி. 280 அளவில் கொடி நடுதற்கு மீண்டும் உரிமை வழங்கினான். கொடி மிகுந்தமையால் அரசு தலையிட நேர்ந்த நிகழ்ச்சி பதினெட்டு நூற்றாண்டுகளின் பின்னர் அதே மண்ணில் மீளவும் நடந்தது.

கால்வாயும் இருப்புப்பாதையும்

மத்திய காலத்தில் லாங்டொக் உழவர் ஒரு பயிரை மட்டும் நம்பி வாழ்ந்தாரல்லர். கோதுமை, ஒலிவம், முந்திரிகை, ஆட்டு மந்தை ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கின. ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுத்தது. இச்சமநிலை இரு பெரும் வேலைகளால் மாறியது.

முதலாவது, பியேர் போல் இறிக்கே என்பவர் 1666இல் தொடங்கிய தென்னகக் கால்வாய். துலூசு நகரையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் இக்கால்வாய் ஏறத்தாழ 240 கிலோமீற்றர் நீளமுடையது. இறிக்கே 1680இல் இறந்தார். கால்வாய் 1681இல் திறக்கப்பட்டது. தம் பொருளையும் அதில் இட்டுக் கடன்பட்ட அவர் தமது வேலையின் நிறைவைக் காணவில்லை. கால்வாயின் முனையில் எழுந்த செத் துறைமுகத்திலிருந்து மதுவும், மதுவைக் காய்ச்சி வடித்த சாராயமும் வடகடல் நாடுகளுக்குச் சென்றன. 1709ஆம் ஆண்டுப் பெரும்பனி ஒலிவ மரங்களை அழித்தபோது, ஒலிவம் மீண்டும் பயன்தரப் பல்லாண்டு காத்திருக்கவியலாத உழவர் சிலவாண்டுகளிற் காய்க்கும் முந்திரிகையை நாடினர்.

இரண்டாவது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த புகையிரதம். செத் துறைமுகத்துக்கும் மொம்பெலியே நகருக்கும் இடையே 1839இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1850களில் அது பாரிசுடன் இணைந்தது. வடநாட்டின் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த தொழிலாளர் மலிவான மதுவை நாடொறும் பருகினர். அவர்தம் சந்தை தென்னாட்டுக்குத் திறந்தது. வடநாட்டுக் கோதுமையும் அதே பாதையில் மலிவாகத் தெற்கே வந்தது. எனவே கோதுமை வயல்கள் முந்திரிகைத் தோட்டங்களாயின. மேட்டுநிலத்தில் இருந்த கொடி தாழ்நிலத்துக்கு இறங்கியது. ஆங்கு நடப்பட்ட அரமோன் என்னும் இனம் எக்டர் ஒன்றுக்கு 100 எக்டொலீற்றருக்கு மேலும் மது தரவல்லது. ஓர் எக்டொலீற்றர் என்பது நூறு லீற்றர். நிறமும் வலுவும் குன்றிய அம்மது, அல்சீரியா முதலிய வெப்ப நாடுகளின் கரிய மதுவோடு கலந்து விற்கப்பட்டது.

மது செய்யும் முறை தோற்றத்தில் எளியது. செப்டெம்பர் மாதத்திற் கொய்த பழக்குலைகளை நசுக்கித் தோலோடும் விதையோடும் பெருந்தொட்டிகளில் விடுவர். பழத்தோலிலும் களஞ்சியத்திலும் உறையும் மதுவங்கள் சாற்றிலுள்ள சீனியை நொதிக்கச்செய்து அற்ககோலாக மாற்றும். செம்மதுவின் நிறம் தோலிலிருந்து வருவது. பின்னர் தெளிந்த நீரை வடித்து, எஞ்சிய சக்கையைப் பிழிந்து, மரத்தொட்டிகளில் அடைப்பர். ஆகவே மதுவின் வலு பழத்தின் சீனியைப் பொறுத்தது. பழத்திற் குறைந்த சீனியைச் சாக்கிலிருந்து சேர்க்கலாமா என்னும் வினாவே பிற்காலப் பூசலுக்கெல்லாம் வித்தாயிற்று.

வேரிற் புகுந்த பகை

வளர்ச்சியின் உச்சியில் முதலிற் சிறியதோர் அபாயம் வந்தது. ஓயிதியம் எனப்படும் பங்கசு நோய் இலையையும் காயையும் வெண்டூள்போற் படர்ந்து கெடுத்தது. 1854இல் பிரான்சு முழுவதிலும் கிடைத்த மது ஏறத்தாழ 110 இலட்சம் எக்டொலீற்றராகச் சுருங்கியது. கந்தகத் தூளைத் தூவினால் நோய் நீங்கும் என்பதை மொம்பெலியே நகரத்து அன்றி மாரெசு முதலியோர் நிறுவினர். உழவர் அச்சம் நீங்கி மேலும் கொடி நட்டனர்.

அதனினும் கொடிய பகை அடுத்து வந்தது. 1863 அளவில் கார் மாவட்டத்துப் பூசோ என்னும் ஊரில் காரணம் புலப்படாமற் கொடிகள் வாடின. இலை மஞ்சளித்து, பின்னர் சிவந்து, உதிர்ந்தது. மூன்றாம் ஆண்டிற் கொடி இறந்தது. இறந்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தோர் அழுகிய வேரையன்றி வேறொன்றும் கண்டிலர். ஓரிடத்தில் தோன்றிய வாட்டம் எண்ணெய்த் துளி துணியிற் பரவுவதுபோற் சுற்றிலும் விரிந்தது.

1868 யூலை மாதத்தில், மொம்பெலியேயிற் பேராசிரியராயிருந்த தாவரவியலாளர் பிளான்சோன், கசுத்தோன் பசீல், பெலிக்சு சாகூ என்னும் மூவரடங்கிய குழு உறோன் நதியின் கீழைப்பகுதித் தோட்டங்களை ஆராய்ந்தது. இறந்த கொடியை விடுத்து, அதன் அயலில் நலமாகத் தோன்றிய கொடியின் வேரைத் தோண்டியபோது உண்மை வெளிப்பட்டது. கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் மஞ்சள் நிறப் பேன்கள் வேர் முழுவதும் மொய்த்துச் சாற்றை உறிஞ்சிக் கொண்டிருந்தன. கொடி இறந்ததும் அவை அயற்கொடிக்குச் சென்றுவிடும். பகைவன் இருந்த இடத்தைத் தேடாது, அவன் விட்டுச்சென்ற இடத்தையே அதுவரை எல்லோரும் தேடினர். இப்பூச்சியே பிலொக்செரா எனப் பெயர்பெற்றது.

பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்தது. நீராவிக் கப்பல்கள் கடற்பயணத்தைச் சுருக்கியதால், ஆராய்ச்சிக்கும் அழகுக்குமென அனுப்பப்பட்ட அமெரிக்கக் கொடிகளின் வேரில் அது உயிரோடு கரைசேர்ந்தது. மிசூரி மாநிலத்துப் பூச்சியியலாளர் சார்ள்சு இறைலி, பிரான்சில் உள்ளதும் தம் நாட்டில் உள்ளதும் ஒன்றே என உறுதிப்படுத்தினார். ஆயினும் பாரிசின் அறிஞருட் பலர் பிளான்சோனின் கூற்றை ஏற்றிலர். மண் களைத்தது, கொடி நலிந்தது, நலிந்த கொடியிற் பூச்சி குடியேறியது என்றனர். பூச்சி நோயின் காரணமன்று, விளைவே என்பது அவர் கொள்கை. இவ்வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே தோட்டங்கள் அழிந்தன. 1875இல் ஏறத்தாழ 840 இலட்சம் எக்டொலீற்றராயிருந்த பிரான்சின் மது விளைவு, 1889இல் ஏறத்தாழ 230 இலட்சமாக வீழ்ந்தது. நிலமிழந்த குடும்பங்கள் நகர்களுக்கும் அல்சீரியாவுக்கும் பெயர்ந்தன.

மருந்து வந்த வழி

அரசு 1874இல் மருந்து காண்போருக்கு 300,000 பிராங்கு பரிசு அறிவித்தது. கற்றோரும் கல்லாதோரும் விந்தையான முறைகள் பலவற்றை எழுதியனுப்பினர். ஆய்வில் மூன்று முறைகளே ஓரளவு நின்றன. மாரிகாலத்திற் பல வாரம் தோட்டத்தை நீரில் மூழ்கவிடுதல் ஒன்று. தென்னகக் கால்வாய் போன்ற நீர்நிலைகளின் அருகிலன்றி இஃது இயலாது. பூச்சி பரவ முடியாத கடற்கரை மணலிற் கொடி நடுதல் மற்றொன்று; எகுமோர்த் நகரை அடுத்த மணற்பரப்பு இவ்வாறு தோட்டமாயிற்று. காபனிருசல்பைட்டை ஊசிக்குழலால் மண்ணுட் செலுத்துதல் மூன்றாவது. அது செலவு மிக்கது, தீப்பற்றும் அபாயமும் உடையது.

நிலையான விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. நோயைக் கொணர்ந்த அமெரிக்கக் கொடியின் வேர் அந்நோயைத் தாங்கவல்லது. நெடுங்காலம் பூச்சியோடு வாழ்ந்து பழகியமையால் அதன் வேர் எளிதிற் சாவதில்லை. ஆயின் அதன் பழத்தின் சுவை பிரான்சியர்க்கு ஒவ்வாது. எனவே அமெரிக்கக் கொடியை அடிக்கட்டையாக நட்டு, அதன்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டினர். வேர் அயலது, பழம் தமது. இம்முறையைப் பயில்வதற்கு மொம்பெலியே விவசாயக் கல்லூரி நடுவிடமாயிற்று. பிளான்சோன் 1873இல் அமெரிக்கா சென்று பல்வேறு இனங்களை ஆராய்ந்தார். சுண்ணாம்பு மண்ணில் அமெரிக்கக் கொடிகள் வெளிறி நலிந்தபோது, பியேர் வியாலா 1887இல் அங்குச் சென்று, தெக்சாசு மாநிலத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இயல்பாக வளரும் இனங்களை மன்சன் என்பாரின் துணையோடு கண்டறிந்தார்.

பரிசுத்தொகை எவருக்கும் வழங்கப்படவில்லை. ஒட்டுமுறை பூச்சியைக் கொல்லவில்லை என்பது தடையாயிற்று. உண்மையும் அதுவே. பூச்சி இன்றும் மண்ணில் உள்ளது. ஐரோப்பாவின் முந்திரிகைத் தோட்டங்களில் மிகப்பல இன்றும் அமெரிக்க வேரின் மேலேயே நிற்கின்றன. பகையை ஒழிக்கவியலாதவிடத்துப் பகையோடு வாழும் வழியைக் கண்டமையே அவ்வறிஞரின் பெருமை.

மிகுதியால் வந்த வறுமை

மீட்சிக்கு விலை இருந்தது. ஒட்டுக்கன்று, உரம், கந்தகம், கூலி ஆகியன யாவும் பெருஞ்செலவு வேண்டின. கடன்பட்டு நட்டவன் கடனைத் தீர்க்க மிகுதியாக விளைவிக்க வேண்டியவனானான். ஆகவே மீள்நடுகை கொழுத்த தாழ்நிலத்தையே நாடியது. கல்நிறைந்த மேட்டுநிலங்கள் பல கைவிடப்பட்டன. பழைய கோதுமையும் ஒலிவமும் திரும்பி வரவில்லை. நாடு முழுவதும் ஒரே பயிரை நம்பி நின்றது.

இதற்கிடையில், பஞ்ச காலத்தில் தோன்றிய பழக்கங்கள் வளங்காலத்திலும் நீங்கவில்லை. கொடி அழிந்த ஆண்டுகளில் வணிகர் கிரேக்க, துருக்கி நாடுகளின் உலர்ந்த முந்திரிகையை நீரில் ஊறவைத்து மது செய்தனர். பிழிந்த சக்கைமேல் சீனிநீரை ஊற்றி இரண்டாம் மது எடுத்தனர். அல்சீரியாவின் மது வரியின்றி வந்தது. பழச்சாற்றிற் சீனி சேர்த்து வலுவூட்டும் முறைக்கு சப்தாலின் பெயரே வழங்கியது. 1801இல் வெளிவந்த மதுநூலில் அம்முறையை விளக்கிய சப்தால், மொம்பெலியேயில் வேதியியல் கற்பித்தவர் என்பது கருதத்தக்கது. ஞாயிற்றொளி குறைந்த ஆண்டுகளின் குறையை ஈடுசெய்ய அவர் கூறிய முறை, ஒரு நூற்றாண்டின் பின்னர் அவர் கற்பித்த நாட்டின் உழவர்க்கே பகையாயிற்று. 1903இல் அரசு சீனி வரியைக் குறைத்தது. வடநாட்டுப் பீற்றூட்டுச் சீனி மலிந்தது, சீனிமதுவும் மலிந்தது.

1900ஆம் ஆண்டில் பிரான்சின் விளைவு ஏறத்தாழ 670 இலட்சம் எக்டொலீற்றர். விலையோ உற்பத்திச் செலவையும் ஈடுசெய்யாதவாறு வீழ்ந்தது. தொட்டிகள் நிரம்பியிருக்க, அடுக்களை வெறுமையாயிருந்தது. பழைய மதுவை வாங்குவாரின்றிப் புதிய அறுவடைக்கு இடம் வேண்டி அதனை நிலத்தில் ஊற்றியோரும் உளர். பூச்சி வந்த காலத்தில் உழவன் தன் வறுமையின் காரணத்தை வேரிற் கண்டான். இப்போதோ கொடி தழைத்திருக்கவும் அவன் வறியனானான். இதன் காரணத்தை எங்கே தோண்டிக் காண்பது?

1907ஆம் ஆண்டின் எழுச்சி

ஓட் மாவட்டத்து ஆர்செலியே என்னும் சிற்றூரில் மார்செலின் அல்பேர் என்பவர் சிறு தோட்டமும் கோப்பிக் கடையும் உடையவர். உழவரின் அழிவுக்குச் சீனிமதுவே காரணமென்பதைப் பல்லாண்டு எடுத்துரைத்தும் அவரைச் செவிமடுத்தோர் சிலர். 1907 மார்ச்சு 11ஆந் திகதி, பாராளுமன்ற விசாரணைக் குழு நர்பொன் நகருக்கு வந்தபோது, அவர் தம்மூரார் 87 பேருடன் ஆங்குச் சென்று முறையிட்டார். குழுவினர் கேட்டுச் சென்றனர். ஊரவரோ அன்றோடு நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓர் ஊரில் கூட்டம் கூடுவதென முடிவாயிற்று. முதலிற் சில நூறு பேர்; பின்னர் சில ஆயிரம். மே 5இல் நர்பொன்னில் ஏறத்தாழ 80,000 பேர் கூடினர். மே 12இல் பெசியே, 19இல் பெர்ப்பிஞ்ஞான், 26இல் கார்க்கசோன், யூன் 2இல் நீம் என ஒவ்வொரு கூட்டமும் முந்தியதை விஞ்சியது. யூன் 9ஆந் திகதி மொம்பெலியேயில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினர் என்பர். நிலமுடையவனும் கூலியாளும், முடியாட்சி விரும்பியும் சமவுடைமைவாதியும், பாதிரியும் பள்ளி ஆசிரியரும் ஓரணியில் நின்றனர். ஊர்ப்பெயர் எழுதிய பலகைகளில் பசியையும் நேர்மையான மதுவையும் பற்றிய சொற்கள் ஒக் மொழியிலும் பிரெஞ்சிலும் விளங்கின.

அரசு இணங்காமையால், வரி செலுத்துவதில்லை என்றும் நகரசபைகள் பதவி துறப்பது என்றும் தீர்மானமாயிற்று. நர்பொன் நகரபிதாவாகிய மருத்துவர் எர்னெசுத் பெரூல் நகரமண்டபத்திற் கருங்கொடி ஏற்றிப் பதவி துறந்தார். நூற்றுக்கணக்கான நகரசபைகள் அவரைப் பின்பற்றின. பிரதம மந்திரி கிளெமென்சோ படையை அனுப்பினார். யூன் 19இல் பெரூல் கைது செய்யப்பட்டார். அன்றும் மறுநாளும் நர்பொன் வீதிகளிற் படையினர் சுட்டதில் உயிரிழந்தோருள் சந்தைக்கு வந்த இளம்பெண் ஒருத்தியும் அடங்குவள்.

பெசியே நகரத்தைச் சார்ந்த பதினேழாம் காலாட்படை அப்போது அண்மையிலுள்ள ஆக்த் நகருக்கு மாற்றப்பட்டிருந்தது. அதன் வீரருட் பெரும்பாலோர் அப்பகுதி உழவரின் புதல்வர். நர்பொன் செய்தி கேட்ட ஏறத்தாழ 500 வீரர், படைக்கலங்களை எடுத்துக்கொண்டு, இரவோடிரவாகப் பெசியேக்கு நடந்து வந்து நகரின் நடுவே அமர்ந்தனர். தந்தையர்மீது சுடோம் என்பதே அவர் உள்ளக்கிடை. பேச்சின்பின் பாசறைக்குத் திரும்பிய அவர்கள் தூனீசியாவின் கப்சா என்னும் பாலைநில நகருக்கு அனுப்பப்பட்டனர்.

தலைவரின் முடிவு இரங்கத்தக்கது. கைதாணைக்குத் தப்பிப் பாரிசு சென்ற அல்பேர், யூன் 23இல் கிளெமென்சோவைக் கண்டார். கிளெமென்சோ அவரை அன்போடு பேசி, அமைதியை நிலைநாட்டுமாறு கூறி, திரும்பிச் செல்லும் பயணத்துக்கென நூறு பிராங்குத் தாள் ஒன்றையும் அளித்தார். பின்னர் அதனைப் பத்திரிகையாளர்க்கு வெளியிட்டார். கள்ளமறியாத அல்பேர் பணம்பெற்று விலைபோனார் என்று ஊரவரே ஐயுற்றனர். நேற்றுவரை மீட்பர் எனப் போற்றப்பட்டவர் ஒருநாளிற் புறக்கணிக்கப்பட்டார். 1921இல் தம்மூரிலேயே வறுமையில் இறந்தார். திரண்ட மக்களைத் துப்பாக்கி பிரிக்கவில்லை; ஒரு தாள் பணம் பிரித்தது.

சட்டமும் சங்கமும்

ஆயினும் எழுச்சி வீணாகவில்லை. 1907 யூன் 29ஆந் திகதிச் சட்டம், ஒவ்வொரு உழவனும் தன் விளைவின் அளவை ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும் என விதித்தது. மதுவுக்கெனப் பயன்படும் சீனிக்கு மிகைவரி இட்டது. விளைந்த அளவு தெரிந்தால் அதனினும் மிகுதியாக விற்பவன் பொய்யன் என்பது தெளிவாகும் என்பதே அதன் நுட்பம். அவ்வாண்டு செப்டெம்பரில் வந்த ஆணை, புதுமுந்திரிகையின் அல்லது அதன் சாற்றின் நொதிப்பால் மட்டும் ஆவதே மது என வரையறுத்தது. ஒரு சொல்லின் பொருளை அரசு காக்க வேண்டும் என்பதற்காக இலட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தமை வரலாற்றில் அரிய நிகழ்ச்சியாகும். அதே மாதத்தில் தென்னக முந்திரிகை உழவர் பேரவை அமைந்தது. பெரூல் அதன் தலைவரானார். மோசடியைத் துப்பறிந்து வழக்குத் தொடுப்பது அதன் முதற்பணி.

மறுபுறம், சத்தமின்றி வேறொரு முயற்சியும் வளர்ந்தது. எரோ மாவட்டத்து மரோசான் ஊரின் சிறு உழவர் 1901இலேயே ஒன்றுகூடித் தம் மதுவைச் சேர்த்து விற்கத் தொடங்கினர். 1905இல் பொதுக்களஞ்சியம் ஒன்றைக் கட்டினர். பாரிசின் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்கள் அம்மதுவை நேரே வாங்கின. சமவுடைமைத் தலைவர் சோன் சோரெசு அவ்வாண்டு வந்து அதனைக் கண்டு போற்றினார். தனியொருவனுக்கு எட்டாத தொட்டியும் பிழிபொறியும் ஊரார் அனைவர்க்கும் உரியவாயின. பின்வந்த பத்தாண்டுகளில் இத்தகைய சங்கங்கள் தென்னாட்டு ஊர்களிற் பரவின; ஊரின் கோயிற் கோபுரத்தோடு சங்கக் களஞ்சியமும் ஓர் அடையாளமாயிற்று.

எஞ்சி நின்ற உண்மை

இவ்வளவிலும் நோய் முற்றாக நீங்கியதோ எனின், இல்லை. மோசடி குறைந்த பின்னரும் விலை மீண்டும் மீண்டும் வீழ்ந்தது. வரலாற்றாசிரியர் பிற்காலத்தில் ஆராய்ந்து கண்டது யாதெனின், விலைவீழ்ச்சிக்குச் சீனிமது ஒரு காரணமே. தாழ்நிலத்தின் மிகைவிளைவும் அல்சீரியாவின் மதுவும் அதனினும் பெரிய காரணங்களாம். சீனியை எதிர்த்து இலட்சம் பேர் கூடலாம்; தம் தோட்டத்துக் கொடியையே குறைக்க வேண்டுமென்று கூறுவதற்கு எவர் முன்வருவர்? பிறன்செய்த தீமையை எதிர்க்க ஒற்றுமை எளிதில் வரும். தன் செயலின் விளைவை ஒப்புக்கொள்ள அவ்வொற்றுமை போதாது.

அக்கடினமான வேலை மெல்லமெல்லவே நடந்தது. 1931 முதல் வந்த சட்டங்கள் புதுநடுகையைக் கட்டுப்படுத்தின. 1935இல் பிரான்சு ஊர்ப்பெயர் உரிமைமுறையை நிறுவியது. இன்ன எல்லைக்குள், இன்ன இனக்கொடியில், இன்ன அளவுக்கு மிகாமல் விளைந்ததே இன்ன பெயரைத் தாங்கலாம் என்பது அதன் விதி. லாங்டொக்கின் பித்தூ 1948இல் அவ்வுரிமை பெற்றது. கோர்பியேரும் மினெர்வாவும் 1985இற்றான் பெற்றன. இடையே துன்பமும் நிகழ்ந்தது. 1976 மார்ச்சு 4ஆந் திகதி, நர்பொன்னை அடுத்த மொந்திரெதோனில் உழவர்க்கும் காவற்படைக்கும் நிகழ்ந்த மோதலில் உழவர் ஒருவரும் படைத்தலைவர் ஒருவரும் சுடப்பட்டு இறந்தனர். அதன் பின்னர், கொடி பிடுங்குவோர்க்கு நட்ட ஈடு வழங்கப்பட்டுத் தாழ்நிலத் தோட்டங்கள் பல அழிக்கப்பட்டன. தொமித்தியன் ஆணையால் முடியாததைப் பணத்தால் முடித்தனர் எனலாம். ஒருகாலத்திற் கைவிடப்பட்ட கல்மேடுகளில் குறைந்த விளைவுடைய கொடிகள் மீண்டும் தழைக்கின்றன.

மொம்பெலியேயின் புகையிரத நிலையத்தை அடுத்த பூங்காவில் பிளான்சோனின் நினைவுச்சின்னம் உள்ளது. அதன் அடியில் முந்திரிகை உழவன் ஒருவன் அவரை நோக்கிப் பழக்குலையை நீட்டி நிற்கின்றான். அந்நன்றி தகுவதே. எனினும் இவ்வரலாற்றை முழுதும் கற்போர், அறிஞன் காத்துக்கொடுத்த கொடியைச் சந்தையிற் காத்தல் வேறொரு கலை என்பதை உணர்வர். பயிரைக் காக்க நுண்ணறிவு வேண்டும். பயிரின் பயனைக் காக்க நேர்மையான சட்டமும் கூட்டுறவும் தன்னளவறிதலும் வேண்டும். இவற்றுள் முன்னதைக் கற்க லாங்டொக் உழவர்க்கு ஏறத்தாழ இருபதாண்டு போதுமாயிருந்தது. பின்னதைக் கற்க ஒரு நூற்றாண்டும் போதவில்லை.